கயிறும் தொலைபேசியும்: கணனிமயமாகும் நிறுவனங்கள் பற்றிய விமர்சனக் குறிப்புகள்

1

கணனியைக் கைக்கொண்ட நிறுவனம் வளரும், கைக்கொள்ளாதது அழியும். முகாமைத்துவப் பாடநூல்களிலும் வங்கிகளின் ஆண்டறிக்கைகளிலும் அரசாங்கங்களின் கொள்கைத் திட்டங்களிலும் இவ்வாசகம் நாற்பது வருடங்களாகச் சிற்சில மாற்றங்களுடன் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. எண்பதுகளில் அதற்குத் தன்னியக்கம் என்று பெயர். தொண்ணூறுகளில் மீள்பொறியியல். பின்னர் டிஜிற்றல் மாற்றம். இப்போது செயற்கை நுண்ணறிவு. பெயர்கள் மாறிக்கொண்டிருக்கின்றன; வாக்குறுதி ஒன்றுதான்.

எமது சூழலில் இவ்வாசகத்தை எதிர்கொள்பவர்களை இரு தரப்பாகப் பிரிக்கலாம். பிள்ளைகளைப் பொறியியலாளராக்குவதை வாழ்வின் இலட்சியமாகக் கொண்ட சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். ஆகவே தொழில்நுட்பம் என்பது அரசியலுக்கு அப்பாற்பட்டது, தன்னளவிலேயே நன்மையானது என்று கருதும் தரப்பு எம்மிடையே பெரியது. மறுதரப்பு எமது இடதுசாரி நண்பர்களுடையது. பொறி என்பது மூலதனத்தின் கையிலுள்ள சவுக்கு, அதற்கு மேல் ஆராய அதில் ஒன்றுமில்லை என்பது இவர்களது முடிவு. இரு தரப்பும் ஒன்றையொன்று ஏளனம் செய்தாலும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன. பொறிதான் எல்லாவற்றையும் செய்கிறது என்று இரண்டுமே நம்புகின்றன. நிறுவனத்தின் உள்ளே போய், பொறிக்கு முன்னால் நிற்பவருக்கும் அவரது மேலாளருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பொறுமை இரண்டுக்கும் இல்லை.

இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து எளிமையானது. ஒரு நிறுவனத்தின் செயற்திறனைக் கணனி உயர்த்துமா தாழ்த்துமா என்பது கணனியை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. கணனி பிழை விடுகிறது என்று கூறும் கடைநிலை மனிதரை அந்நிறுவனம் எவ்வாறு நடத்துகிறது என்பதிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது. இரண்டாவதாக, செயற்திறன் என்ற சொல்லையே நாம் சந்தேகிக்க வேண்டும். யாருடைய ஏட்டில் எழுதப்பட்ட செயற்திறன் அது? அதற்கான விலையைக் கட்டியவர் யார்?

2

முதலில் பொருளியலாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். 1987இல் அமெரிக்கப் பொருளியலாளர் றொபேர்ட் சோலோ ஒரு நூல் மதிப்புரையில் போகிறபோக்கில் ஒரு கருத்தைக் கூறினார். கணனி யுகம் எங்கு பார்த்தாலும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிபரங்களில் மட்டும் அதைக் காணவில்லை என்பது அதன் சாரம். அது வெறும் கிண்டல் அல்ல. அமெரிக்காவின் உற்பத்தித்திறன் வளர்ச்சி 1973இன் பின் போருக்குப் பிந்திய கால வேகத்தில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. நிறுவனங்கள் கணனிக்குப் பணத்தைக் கொட்டிய வருடங்களும் அவையே. 1995இன் பின் வளர்ச்சி மீண்டும் வேகம் பிடித்தது. புதிய பொருளாதாரம் பிறந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். பத்து வருடங்கள் செல்லுமுன் வேகம் மீண்டும் தணிந்தது. இத்தனைக்கும் அதன் பின்னரே ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கணனி வந்து சேர்ந்தது.

தொண்ணூறுகளின் வேகத்தை ஆராய்ந்த மக்கின்சி ஆய்வு நிறுவனம் 2001இல் வெளியிட்ட அறிக்கை இன்னொரு விடயத்தைச் சொன்னது. அந்த வேகம் ஆறு துறைகளில் மட்டுமே குவிந்திருந்தது. ஏனைய பல துறைகள் கணனிக்குப் பெருந்தொகை செலவிட்டும் குறிப்பிடத்தக்க பலனைக் காணவில்லை. பலன் கண்ட சில்லறை வர்த்தகத்திலும் வோல்மார்ட் தனது வேலைமுறை முழுவதையும் மாற்றியமைத்ததே பெருங்காரணமாக இருந்தது. கணனி அந்த மாற்றத்தில் ஓர் அங்கம் மட்டுமே.

இப்புதிருக்கு வரலாற்றிலிருந்து விடை தேடியவர் போல் டேவிட். மின்சாரத்தையும் கணனியையும் ஒப்பிட்டு அவர் 1990இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. 1882இல் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் எடிசனின் மின்நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஆனால் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்கு சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 வீதத்தையும் எட்டவில்லை. அரைவாசியை எட்டுவதற்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் இந்தத் தாமதம்? நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். கூரையின் கீழ் ஓடிய நீண்ட சுழல்தண்டும் பட்டிகளும் பழையபடியே இருந்தன. ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி மோட்டார் பொருத்தி, பாரந்தாங்கிய பல மாடிக் கட்டிடத்தைக் கைவிட்டு, வேலை ஓடும் ஒழுங்குக்கு ஏற்பத் தொழிற்சாலையைத் தரையில் பரப்பிய பின்னரே மின்சாரம் பலன் தந்தது. அதாவது புதிய சக்தியைப் பழைய ஒழுங்கில் பொருத்துவதால் பழைய ஒழுங்கு சற்று விலை கூடியதாக மாறுகிறது, அவ்வளவே.

இதே தடத்தில் 2012இல் புளூம், சடூன், வான் றீனன் ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிரித்தானியாவில் இயங்கும் நிறுவனங்களில் அமெரிக்கருக்குச் சொந்தமானவை அதே கணனியிலிருந்து மற்றவர்களைவிடக் கூடுதல் பயனைப் பெறுகின்றன என்று அவர்கள் காட்டினர். நாடு ஒன்று, சட்டம் ஒன்று. வேறுபாடு ஆட்களை நிர்வகிக்கும் முறையில் இருந்தது என்பது அவர்களது விளக்கம். இதுவரை சரி. ஆனால் அந்த ஆட்சி முறையை அவர்கள் எதைக்கொண்டு அளந்தார்கள்? திறமையாளருக்கு விரைந்து பதவியுயர்வு, பலன் காட்டாதவரை விரைந்து இடம்மாற்றுதல் அல்லது நீக்குதல் என்பவை அந்த அளவுகோலின் முக்கிய கூறுகள். நல்ல முகாமைத்துவம் என்ற பெயரில் இங்கு எண்ணப்படுவது மேலிருந்து கீழே பாயும் அதிகாரத்தின் வேகம். கீழிருந்து மேலே செல்லும் சொல்லுக்கு அந்த அளவுகோலில் இடம் தேடினால் கிடைப்பது அரிது. நான் வலியுறுத்த விரும்புவது அந்த வெற்றிடத்தையே.

3

வாகனத் தொழிலில் இதற்கு ஒரு கண்கூடான சான்று உண்டு. றோஜர் சிமித் 1981 முதல் 1990 வரை ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். ஜப்பானியரைத் தொழில்நுட்பத்தால் வென்றுவிடலாம் என்பது அவரது நம்பிக்கை. 1984இல் கணனிச் சேவை நிறுவனமான ஈ.டி.எஸ்.சை 2.5 பில்லியன் டொலருக்கும் மறுவருடம் ஹியூஸ் விமான நிறுவனத்தை ஏறத்தாழ 5 பில்லியனுக்கும் வாங்கினார். 1985இல் டெட்ரோயிட்டில் ஹம்ராமிக் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது அது எதிர்காலத் தொழிற்சாலை என்று வர்ணிக்கப்பட்டது. சில மாதங்களில் வந்த செய்திகளோ வேறு கதை கூறின. வாகனத்துக்கு வர்ணம் பூச வேண்டிய றோபோக்கள் ஒன்றுக்கொன்று பூசிக்கொண்டன. பொறிகள் பழுதாகி வரிசை மணிக்கணக்கில் நின்றது. அந்தப் பத்து வருடங்களில் அமெரிக்கச் சந்தையில் ஜெனரல் மோட்டர்சின் பங்கு ஏறத்தாழ 45 வீதத்திலிருந்து 35 வீதமளவுக்கு இறங்கியது.

அதே நிறுவனத்தின் இன்னொரு தொழிற்சாலை கலிபோர்னியாவில் பிறிமொன்ற் என்னும் ஊரில் இருந்தது. வேலைநிறுத்தம், வேலைக்கு வராமை, குடி என்பவற்றால் பெயர்கெட்டு 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்சும் கூட்டாக அதைத் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பழைய தொழிலாளர்களே. பழைய தொழிற்சங்கமும் இருந்தது. புதிய றோபோ மாயங்கள் எதுவும் அங்கு புகுத்தப்படவில்லை. 1990இல் வெளிவந்த மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஒப்பீட்டு ஆய்வின்படி, எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு வாகனத்தைப் பொருத்துவதற்கு ஜெனரல் மோட்டர்சின் பிறேமிங்ஹம் தொழிற்சாலைக்கு 31 மணித்தியாலம் தேவைப்பட்டது. ஜப்பானின் தக்கவோக்காவில் ரொயோட்டாவுக்கு 16. பிறிமொன்றில் 19. தரத்திலோ பிறிமொன்ற் தக்கவோக்காவுக்குச் சமமாக நின்றது.

அங்கே மாறியது என்ன? வரிசையின் ஓரமாக ஒரு கயிறு தொங்கியது. குறை ஒன்றைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடி வருவார். குறை தீராவிட்டால் வரிசை நிற்கும். ஜெனரல் மோட்டர்சின் பழைய ஒழுங்கில் வரிசையை நிறுத்துவது மாபெரும் குற்றம். குறையுள்ள வாகனம் முன்னே போகட்டும், பிறகு பின்வளவில் திருத்திக்கொள்ளலாம் என்பதே விதி. கயிறு என்பது பொறியியல் அதிசயம் அல்ல. வரிசையில் நிற்பவனுக்கும் கண் இருக்கிறது, அவன் சொல் கேட்கப்படும் என்ற ஒப்பந்தம் அது.

இதைச் சொர்க்கமாக வர்ணிப்பது என் நோக்கமன்று. மைக் பாக்கரும் ஜேன் சுலோட்டரும் 1988இலேயே இம்முறையை நெருக்குதலால் நடத்தும் முகாமைத்துவம் என்று விமர்சித்தனர். கயிறு இழுக்கப்படாவிட்டால் வேகத்தை இன்னும் கூட்டு, ஆளைக் குறை, எங்கே முறிகிறது பார் என்பதும் அதே முறையின் மறுபக்கம். தொழிலாளியின் அறிவை வரவேற்றவர்கள் அதன் பயனைச் சமமாகப் பகிர்ந்தார்கள் என்று யாரும் சொல்லமுடியாது. இருந்தபோதிலும் எமது இடதுசாரி நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கு உண்டு. அதே தொழிலாளர், அதே சங்கம், அதே மூலதனம். விளைவு மட்டும் வேறு. ஆகவே நிறுவனத்தின் உள்ளமைப்பு என்பது அற்ப விடயமல்ல.

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2010இல் கூட்டுத் தொழிற்சாலை மூடப்பட, அதே கட்டிடத்தை ரெஸ்லா வாங்கியது. மனிதரைக் குறைத்துப் பொறிகளால் நிரப்பிய தொழிற்சாலையைக் கட்டப்போவதாக அதன் தலைவர் இலோன் மஸ்க் அறிவித்தார். மொடல் 3 வாகனத்தின் உற்பத்தி வாக்களித்த வேகத்தை எட்டவில்லை. 2018 ஏப்ரலில், அளவுக்கு மிஞ்சிய தன்னியக்கம் பிழையாகிவிட்டது, மனிதரைக் குறைத்து மதித்துவிட்டோம் என்று அவரே எழுத நேர்ந்தது. அந்த ஆனியில் கட்டிடத்துக்கு வெளியே கூடாரம் அடித்து இன்னொரு வரிசை தொடங்கினார்கள். கயிறு தொங்கிய கட்டிடமே தன் பாடத்தை மறந்துவிட்டிருந்தது.

4

வாகனத் தொழிற்சாலையில் பிழையின் விலை சந்தைப் பங்கு. வேறு இடங்களில் விலை மனித உயிராகிறது. பிரித்தானியத் தபால் நிறுவனத்தின் ஹொரைசன் விவகாரத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது. கணனியும் நிறுவனச் செயற்திறனும் பற்றிய எந்த விவாதமும் இதைத் தாண்டிச் செல்ல முடியாது என்பது என் கருத்து.

பிரித்தானியாவின் பெரும்பாலான தபாலகங்களை நடத்துபவர்கள் அரச ஊழியர்கள் அல்லர். உப தபாலதிபர்கள் எனப்படும் சிறு வியாபாரிகள். மூலைக்கடையின் ஒரு பக்கத்தில் தபாலகக் கருமபீடம் இருக்கும். தெற்காசியாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் பலர் இத்தொழிலில் சேமிப்பு முழுவதையும் முதலீடு செய்தவர்கள். இதே மாதிரியான சிறுகடைகளை நம்பி வாழும் எம்மவர் குடும்பங்களும் அந்நாட்டில் ஏராளம். ஆகவே இதை அந்நியர் கதையாக நாம் வாசிக்க முடியாது.

1996இல் ஐ.சி.எல். நிறுவனத்துடன் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் நோக்கம் சமூகநலக் கொடுப்பனவுகளை அட்டை மூலம் வழங்குவது. திட்டம் இழுபட்டது. 1999 மே மாதம் சமூகநலத் துறை விலகிக்கொண்டது. கைவிட்டிருக்க வேண்டிய அமைப்பைத் தபால் நிறுவனம் தனது கணக்குவைப்புக்கென ஏற்றுக்கொண்டது. ஐ.சி.எல். அப்போது ஜப்பானின் புஜிட்சுவுக்குச் சொந்தமாகியிருந்தது. ஏறத்தாழ 18,000 தபாலகங்களில் ஹொரைசன் பொருத்தப்பட்டது. காகிதக் கணக்கேடு போனது, திரை வந்தது. இந்த இடத்தில் மின்சாரத்தின் கதையை நினைவுகூரலாம். பழைய ஒழுங்கின் ஒரு விதி அப்படியே இருந்தது: பற்றாக்குறை ஏற்பட்டால் உப தபாலதிபரே பொறுப்பு. காகிதக் காலத்தில் பற்றாக்குறை ஏன் வந்தது என்று அவரே தன் ஏட்டைப் புரட்டித் தேடலாம். ஹொரைசனில் அவருக்குத் தெரிவது திரையில் விழும் ஒரு தொகை மட்டுமே. அதன் அடியிலுள்ள பதிவுகள் புஜிட்சுவிடம் இருந்தன. பொறுப்பு கருமபீடத்தில் இருந்தது, அறிவு வேறெங்கோ இருந்தது.

ஸ்கொட்லாந்தில் 2015இல் நடந்த ஒரு சம்பவம் வழக்கில் பதிவாகியுள்ளது. 8,000 பவுண் காசைக் கிளை நிலையத்தில் வரவு வைக்கும்போது திரை நகராததால் விசை மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டது. ஹொரைசன் அந்தத் தொகையை 4 தடவை வரவு வைத்தது. வந்தது 8,000, கணக்கில் 32,000. திரையின்படி 24,000 பவுண் காணாமற் போய்விட்டது. இதே பிழை ஐந்து வருடங்களில் 112 தடவை நிகழ்ந்திருந்தது பின்னர் தெரியவந்தது. அமைப்பு தொடங்கிய 2000ஆம் ஆண்டிலிருந்தே வேறொரு பிழையும் இருந்தது. அது திருத்தப்பட 2006 ஆயிற்று. பிழையற்ற மென்பொருள் உலகில் இல்லை. ஆகவே பிழை இருந்தது என்பது குற்றச்சாட்டல்ல. பிழை இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதே கேள்வி.

அவர்களுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் தரப்பட்டிருந்தது. உதவி கேட்டு அழைத்த பலருக்குக் கிடைத்த பதில், இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டுந்தான் என்பது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே காலத்தில் ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. பிறிமொன்றில் தொங்கிய கயிறும் இந்தத் தொலைபேசியும் வெளித்தோற்றத்தில் ஒரே வேலைக்கானவை. கயிற்றை இழுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தொலைபேசியை எடுத்தவர் மேலும் தனியரானார். அதன் பின் கணக்காய்வாளர்கள் வந்தார்கள். பணத்தைக் கட்டு, இல்லையேல் வழக்கு என்றார்கள். வீட்டை ஈடு வைத்தும் உறவினரிடம் கடன்பட்டும் பலர் கட்டினார்கள்.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் அதிகமானோர் களவு, மோசடி, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். இவர்களில் 700க்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடுத்தது தபால் நிறுவனமே. இங்கிலாந்திலும் வேல்சிலும் தானே குற்றவியல் வழக்குத் தொடுக்கும் வாய்ப்பு அதற்கு இருந்தது. பணம் இழந்ததாகக் கூறுபவரும் விசாரிப்பவரும் வழக்காடுபவரும் ஒருவரே. 2010இல் இந்தியாவில் பிறந்த ஒரு பெண் கர்ப்பிணியாக இருந்த நிலையில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று அவரது மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். புலனாய்வாளர்களுக்கென்று நிறுவனம் வைத்திருந்த வழிகாட்டி ஒன்று 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. சந்தேக நபர்களை வகைப்படுத்த நூறு வருடத்துக்கு முந்திய இனவாதச் சொற்கள் அதில் இருந்தன. இந்திய, பாகிஸ்தானியருக்கென்று ஒரு வகையும் இருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது. எவருடைய சொல் எடுபடும், எவருடையது எடுபடாது என்பதில் தோலின் நிறத்துக்குப் பங்கில்லை என்று கருத வேண்டுமானால் அசாத்தியமான அப்பாவித்தனம் வேண்டும்.

சட்டமும் இதற்குக் கைகொடுத்தது. 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, கணனிப் பதிவைச் சாட்சியமாக வைப்பவர் அக்கணனி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டியிருந்தது. இது வீண்சுமை என்று கருதப்பட்டு 1999இல் நீக்கப்பட்டது. அதன் பின் கணனி சரியாக இயங்குகிறது என்பதே நீதிமன்றத்தின் ஊகம். பிழையென்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு. தன் கண்ணுக்கு எட்டாத பதிவுகளைக் கொண்டு அதை அவர் எப்படிக் காட்டுவார்? ஹொரைசன் நாடெங்கும் பொருத்தப்பட்ட அதே காலத்தில் இந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. தற்செயல்தான். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடிய நம்பிக்கை ஒன்று: மனிதர் பொய் சொல்வார், பொறி சொல்லாது.

அலன் பேற்ஸ் என்ற உப தபாலதிபரின் முன்முயற்சியில் 2009இல் பாதிக்கப்பட்டோர் அமைப்பாகத் திரண்டனர். அதுவரை தனித்தனியே கேட்ட பதிலை ஒப்பிட்டுப் பார்த்த அந்தக் கணத்திலேயே பொய் உடையத் தொடங்கியது. 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஹொரைசனின் நம்பகத்தன்மை பற்றி நிறுவனம் பிடித்த பிடிவாதம் உலகம் தட்டையானது என்று சாதிப்பதற்கு நிகரானது என்று நீதிபதி பிறேசர் கூறினார். உப தபாலதிபருக்குத் தெரியாமல் அவரது கணக்கைத் தொலைவிலிருந்து மாற்ற புஜிட்சுவால் முடியும் என்பதும் நிரூபணமானது. அது இயலாது என்றே நிறுவனம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது. 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நாடகம் நாட்டை உலுக்கிய பின்னரே பாராளுமன்றம் சட்டமியற்றி ஏனையோரை விடுவித்தது. 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதற்பாகம், குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தம்முயிரை மாய்த்திருக்கலாம் என்று கூறுகிறது. நட்டஈட்டுக்குத் தகுதியுடையோர் ஏறத்தாழ 10,000 பேர்.

5

இப்போது செயற்திறன் என்ற சொல்லுக்குத் திரும்புவோம். 2017இல் தபால் நிறுவனம் நீண்ட காலத்தின் பின் வர்த்தக இலாபம் காட்டியது. நிறுவனத்தை நிமிர்த்தியதாகப் பாராட்டப்பட்ட நிர்வாகத் தலைவி 2019இல் அரச விருது பெற்றார். 2024இல் அது பறிக்கப்பட்டது. அக்காலத்தில் எவராவது இந்நிறுவனத்தை ஆய்வுக்கு எடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஐரோப்பாவின் மிகப்பெரிய சிவில் கணனி அமைப்புகளில் ஒன்றைக் கைக்கொண்டது, கணக்குவைப்பை ஒருங்கிணைத்தது, கிளைகளின் பற்றாக்குறைகளைக் கண்டறிந்து வசூலித்தது, இலாபத்துக்குத் திரும்பியது. டிஜிற்றல் ஏற்பு நிறுவனச் செயற்திறனை உயர்த்துகிறது என்பதற்கு மற்றுமோர் உதாரணம். இல்லாத பற்றாக்குறைக்கெனச் சிறுகடைக்காரர் கட்டிய காசும் அந்த வரவில் கலந்திருந்தது என்பதை எந்த அட்டவணையும் காட்டியிராது. 2025இன் நடுப்பகுதிக்குள் நட்டஈடாக 1 பில்லியன் பவுணுக்கு மேல் வழங்கப்பட்டுவிட்டது. அதைச் சுமப்பது மக்களின் வரிப்பணம். இலாபம் ஓர் ஏட்டில், நட்டம் வேறோர் ஏட்டில். அந்த 13 பேரோ எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே கணனியை எத்தனை நிறுவனங்கள் ஏற்றன, அவற்றின் வருமானம் எவ்வளவு கூடியது என்று இரு எண்களைப் பக்கத்தில் வைத்து முடிவு கூறும் ஆய்வுகளைச் சந்தேகத்துடனேயே அணுக வேண்டும். அவை பொய் என்று நான் வாதிடவில்லை. கணனியால் மெய்யாகவே முன்னேறிய நிறுவனங்கள் உண்டு. ஆனால் அந்த எண்கள் நிறுவனத்தின் வாயிலிருந்து பெறப்பட்டவை. வாயில்லாதவர்களின் கணக்கு அவற்றில் வருவதில்லை.

எமது இரு தரப்பினருக்கும் இதில் பாடமுண்டு. தொழில்நுட்பம் நடுநிலையானது என்போர், பதிவுகள் யாரிடம் இருக்கின்றன, பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்ற இரு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும். நடுநிலை என்னும் திரை தானாக விலகும். பொறியை உடைப்பதே வழி என்போருக்கு ஒன்றை நினைவூட்டலாம். 1811இல் நொட்டிங்ஹம் பகுதியில் தறிகளை உடைத்த லுடைற்றுகள் எல்லாத் தறிகளையும் உடைக்கவில்லை. தரங்கெட்ட துணியை நெய்து கூலியை வீழ்த்திய முதலாளிகளின் தறிகளைத் தெரிந்தெடுத்து உடைத்தார்கள். எந்தப் பொறி, யாருடையது, எந்த நிபந்தனையில் என்ற விவேகம் அவர்களுக்கு இருந்தது. அவர்களைப் பெயருக்கு மட்டும் நினைவுகொள்ளும் எமக்கு அது குறைவு.

பண்டகசாலையிலும் சமையற்கூடத்திலும் துப்புரவு வேலையிலும் வாகன ஓட்டத்திலும் எமது மக்களில் பெருந்தொகையினர் இன்று ஏதோவொரு திரையின் கட்டளைக்கு வேலை செய்கிறார்கள். திரை நேரத்தைக் குறிக்கிறது, புள்ளி இடுகிறது, சில இடங்களில் வேலையையும் நிறுத்துகிறது. இவர்களுக்காகக் கோர வேண்டியவை கனவுகள் அல்ல. தன்னைப் பற்றிய பதிவைத் தானும் பார்க்கும் உரிமை. பிழை என்று சொல்ல ஓரிடம். அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும் ஏற்பாடு. பொறி சரி என்று காட்டும் சுமை பொறியின் சொந்தக்காரருக்கே இருத்தல். இவற்றில் இறுதியானது பற்றி பிரித்தானிய நீதி அமைச்சு 2025 தொடக்கத்தில் பொதுக் கருத்தைக் கோரியது. கடை நடத்துவோர் சங்கங்களும் எமது தொழிற்சங்கத் தோழர்களும் பேச வேண்டிய விடயம் இது. கோவில் நிர்வாகத் தேர்தலுக்குச் செலவழிக்கும் சக்தியில் பத்திலொன்றை இதற்குத் தந்தாலும் போதும்.

தவறைச் சுட்டியவரையே குற்றவாளியாக்கும் அமைப்பை அறிந்துகொள்ள எமக்குக் கணனி தேவைப்படவில்லை. கணக்குக் கேட்டவருக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது, அவர் எங்கே போனார் என்பது இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. தலைமை தவறாது என்பதும் பொறி தவறாது என்பதும் ஒரே மனநிலையின் இரு வடிவங்கள். முன்னையதை விமர்சித்து நாடுகடந்தும் பேனா பிடித்த நாம், பின்னையதை நிபுணர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாற்றுக் கருத்துடையோர் எழுதட்டும்.